பதினாறில் இழுப்பதா, நிற்பதா?

புரட்டாசி வெயில் இன்னும் தணியவில்லை. ஒரு சொட்டு மழை விழாத கரிசல் காட்டில் சோளத்தை விதைத்துவிடுவதா, மழை இறங்கட்டும் என்று பொறுப்பதா? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகள் ஆண்டுதோறும் எடுக்கிற முடிவு இது. வடகிழக்குப் பருவமழை தொடங்க ஓரிரு வாரம் இருக்கும்போதே, ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்திய விதையைப் போட்டுவிடுங்கள் என்கிறது வேளாண் பல்கலைக்கழகம். பல ஆண்டு மழைக் கணக்கிலிருந்து வந்த பரிந்துரை அது. ஓராண்டு வானம் ஏமாற்றினால் விதை வீணாகும். அதற்காக எடுத்த முடிவு தப்பு என்றாகிவிடாது.

சூதாட்ட மேசைக்கும் இதே போன்றதொரு கணக்கு 1956-இல் வெளியானது. அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் எது மேலான முடிவு என்று கண்டுபிடித்து, புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ‘அடிப்படை உத்தி’ அட்டவணை என்று இன்று சொல்லப்படுவதற்கு அதுதான் தொடக்கம். பின்னர் எட்வர்ட் தோர்ப் ஐபிஎம் கணினியில் அதைச் செம்மைப்படுத்தினார்.

நம் பக்கம் காசு வைத்து ஆடுவது மங்காத்தாவும் மூணு சீட்டும் ரம்மியும். மங்காத்தாவில் உள்ளே, வெளியே என்று கட்டியபின் யோசிக்க ஒன்றுமில்லை. ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொன்னது. பிளாக்ஜாக் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சீட்டுகளின் மதிப்பைக் கூட்டினால் 21-ஐத் தாண்டாமல், கேசினோ சார்பில் ஆடும் டீலரைவிடக் கூடுதல் எடுக்க வேண்டும். தாண்டினால் அப்போதே பணம் போயிற்று. டீலருக்குச் சொந்த முடிவு கிடையாது. 16 வரை அடுத்த சீட்டை இழுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமை நமக்கு மட்டும்தான்.

டீலர் திறந்து வைத்த சீட்டில் 6 காட்டினால் அவர் 21-ஐத் தாண்டிவிட ஏறக்குறைய 42 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது கையில் 13 இருந்தாலும் நின்றுவிட வேண்டும். அவர் 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் 16-லும் இழுக்க வேண்டும். இரண்டு ஏஸ், இரண்டு 8 வந்தால் இரண்டு தனி ஆட்டங்களாகப் பிரிக்க வேண்டும். இரண்டு 10 வந்தால் பிரிக்கவே கூடாது. டீலர் ஏஸ் காட்டி, ‘இன்ஷூரன்ஸ்’ என்ற பக்கப் பந்தயம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதே சரியான பதில்.

எல்லாரும் தடுமாறுவது 16-க்கு எதிரே டீலரின் 10 நிற்கும்போதுதான். இழுத்தாலும் நின்றாலும் ஏறக்குறைய நான்கில் மூன்று முறை தோல்வி. இழுப்பது மயிரிழை அளவுக்கு மேல், அவ்வளவே. இழுத்து ஒரு 9 வந்துவிட்டால் ‘நின்றிருக்கலாமே’ என்று மனம் அடித்துக்கொள்ளும். அடுத்த முறை அட்டவணையை மறந்து கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் கேசினோவுக்குக் கூடுதல் வருமானம்.

இதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு எழுதக் காரணம் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அங்கே 2010 முதல் மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா என இரண்டு கேசினோக்கள் நடக்கின்றன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நாளொன்றுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்தக் கட்டணம் கிடையாது. உள்நாட்டவரைத் தடுக்க வைத்த வேலி நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

அட்டவணையைத் துளி பிசகாமல் மனப்பாடம் செய்து, நல்ல விதிகள் உள்ள மேசையில் ஆடினாலும் கட்டிய பணத்தில் அரை சதவீதம் போகும். ஆட்டத்துக்கு 25 வெள்ளி, மணிக்கு 60 ஆட்டம் என்றால் 1,500 வெள்ளி புரள்கிறது. சராசரி இழப்பு ஏழரை வெள்ளி. மனம்போன போக்கில் ஆடுகிறவருக்கு அது 30 வெள்ளிக்கும் போகலாம். முதல் இரண்டு சீட்டிலேயே 21, அதாவது ‘பிளாக்ஜாக்’ விழுந்தால் 2-க்கு 3 என்று கொடுக்காமல் 5-க்கு 6 என்று கொடுக்கும் மேசையில், உத்தி தெரிந்தவருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் உட்காரக் கூடாது.

சராசரியைவிட ஏற்ற இறக்கம் பொல்லாதது. அந்த ஒரு மணி நேரத்தில் 200 வெள்ளி கூடுவதும் குறைவதும் சாதாரணம். கூடிய இரவை ‘எனக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறவர்தான் அடுத்த மாதச் சம்பளத்தோடு திரும்பி வருகிறார். கரிசல் காட்டுக் கணக்கு வேறு. அங்கே நல்ல முடிவுகள் பத்து ஆண்டில் குதிர் நிறைக்கும். கேசினோவில் மிகச் சிறந்த முடிவுகளும் இழப்பின் வேகத்தைத்தான் குறைக்கும்.

இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வழி உண்டு. சூதாட்டப் பிரச்சினைகளுக்கான அந்நாட்டுத் தேசிய மன்றத்திடம், ‘என்னைக் கேசினோவுக்குள் விடாதீர்கள்’ என்று தானாகவே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் அந்த உரிமை இருக்கிறது.