படத்தில் இருப்பவர் யார்?



நினைவுக் கூட்டம் என்றால் மேடையில் ஒரு படம் இருக்கும். அதைப் பார்க்கும் ஒருவருக்கு அவர் பேசிய பொதுக்கூட்டம் நினைவுக்கு வரும். இன்னொருவருக்கு அவர் கொடுத்த பஸ் காசு. படம் ஒன்று, நினைவு பல. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த், 1980இல் வெளியான தம் நூலில் இறந்த தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றி விரிவாக எழுதினார். படத்தை மட்டும் அச்சிடவில்லை. அவருக்கு அது அம்மா. மற்றவர்களுக்கு ஏதோ ஒரு பழைய படம்.

நம் படங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் வரும் படங்களில் நம் முன்னோர் சாதியின் மாதிரிகளாக நிற்கிறார்கள். சாதிப் பெயர் இருக்கிறது. ஆளின் பெயர் இல்லை.

நாமே விரும்பி எடுத்துக்கொண்ட படங்கள் ஸ்டுடியோவில் பிறந்தவை. இங்கே புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினியில் பதிவு செய்திருக்கிறது. நல்ல பணி. ஆனால் நெகட்டிவில் முகம்தான் இருக்கும். அவர் யார், அன்று உடுத்திய புடவை யாரிடம் இரவல் வாங்கியது என்பதெல்லாம் வீட்டார் வாயில்தான் இருக்கிறது.

ஸ்டுடியோப் படிக்கட்டே ஏறாத பாட்டிகளும் உண்டு. 1993இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டுவந்த பிறகு, அதற்காக எடுத்ததுதான் பலருக்கு முதல் படம். அவர்கள் இறந்ததும் அதையே பெரிதாக்கி, கழுத்தில் இல்லாத சங்கிலியை வரைந்து மாட்டியிருக்கிறோம். அந்தச் சங்கிலியைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. வாழ்நாளில் மறுக்கப்பட்டது எது என்பதை அதுதான் சொல்கிறது.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பெல் ஹூக்ஸ், நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களின் வீட்டுச் சுவர்களே அவர்களுக்கான கண்காட்சிக் கூடங்களாக இருந்தன என்கிறார். நம் சுவர்களும் அப்படித்தான். சேரிக்குத் தீ வைக்கும்போது அந்தச் சுவரும் எரிகிறது. 2012இல் தருமபுரி நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. வீட்டிலுள்ள பழைய படத்தைப் பெரியவர்களின் கையில் கொடுங்கள். யார், எங்கே, யார் எடுத்தது, யார் இந்தப் படத்தில் இல்லை என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். அவர்கள் மௌனமாகும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைக் காப்பாற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பெயரைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.