சிறிய இயந்திரமும் பெருமளவு மாவும்
இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

ரொட்டி இன்று நோயாளிகளுக்கு மட்டுமே உரிய உணவாக இல்லை. பட்டிதொட்டிகளிலும் பேக்கரிகள் தோன்றிவிட்டன. வீட்டிலேயே ரொட்டியும் பன்னும் சுட்டு விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் மகளிரும் பெருகி வருகின்றனர். அத்தகையோர் முதலில் வாங்குவது ‘ஸ்டாண்ட் மிக்சர்’ எனப்படும் சிறிய கலக்கும் இயந்திரம். ஐந்து லிட்டர் கிண்ணமும், ஒரு கொக்கியும், ஒரு துடுப்பும் கொண்ட இவ்வியந்திரத்தில் ஐந்து கிலோ மைதாவைப் பிசைய முடியுமா? முடியும் என்பதையும், அதற்கு எந்த வழி ஏற்றது என்பதையும் இயற்பியல் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி எழுந்தது எங்கள் வீட்டில்தான். கிறிஸ்துமஸ் நேரத்தில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. நேரமில்லை என்று என் அன்னையார் இரண்டு கிலோ மாவை ஒரே தடவையில் கிண்ணத்தில் கொட்டினார்கள். பத்து நிமிடத்தில் மாவு கொக்கியின் மேலேறியது. இயந்திரம் மேசை மீது நகரத் தொடங்கியது. பின்னர் கருகிய வாடை வந்து நின்றேவிட்டது. அந்த ஆர்டரில் கிடைத்த வருவாயில் பெரும்பகுதி பழுது பார்க்கவே போயிற்று. குற்றம் இயந்திரத்தினுடையதா, எங்களுடையதா என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இயந்திரத்தின் கதை

1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்னும் பொறியாளர், ரொட்டி சுடுபவர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கலக்கப் படும் பாட்டைக் கண்டார். அதன் பயனாக 1914இல் ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளளவுள்ள இயந்திரத்தை ஹோபார்ட் நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. வீட்டுக்கான சிறிய இயந்திரம் 1919இல் ‘கிச்சன்எய்டு’ என்ற பெயரில் வந்தது. அதுவும் ஏறத்தாழ 30 கிலோ எடை உடையது! இங்கிலாந்தில் 1950இல் ‘கென்வுட் செஃப்’ தோன்றியது.

இவற்றில் கிண்ணம் அசைவதில்லை. பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதுபோல, கொக்கி தானும் சுழன்று கிண்ணத்தையும் சுற்றி வருகிறது. ஆக, முதலில் பிறந்தது பேக்கரிக்குரிய பெரிய இயந்திரம். நம் வீட்டில் இருப்பது அதன் சிறு வடிவம். உருவம் ஒன்றாயினும் வலிமை ஒன்றன்று.

பிசைவதால் நிகழ்வது என்ன?

கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள் உள்ளன. நீர் பட்டவுடன் இவை ஒன்றோடொன்று இணைந்து ‘குளூட்டன்’ என்னும் மீள்தன்மையுடைய வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைச் சிறைப்பிடித்து ரொட்டியை உப்பச் செய்வது இவ்வலையே. பிசைதல் இவ்வலையை நீட்டியும் மடித்தும் ஒழுங்குபடுத்துகிறது.

ஆனால் வலை உருவாகப் பிசைவது ஒன்றே வழியன்று. மாவும் நீரும் கலந்து சும்மா வைத்திருந்தாலே குளூட்டன் தானாக உருவாகத் தொடங்கும். பிரெஞ்சு ரொட்டி வல்லுநர் ரேமண்ட் கால்வெல் 1970களில் இதனை ஒரு முறையாகவே வகுத்தார். உப்பும் ஈஸ்ட்டும் சேர்க்காமல் மாவையும் நீரையும் மட்டும் கலந்து 20 முதல் 30 நிமிடம் ஓய்வு கொடுத்தால், அதன்பின் பிசையும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர் மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பதும் ஓய்வின் அருமையை அறிந்துதான்.

ஒரு சிறு கணக்கு

1961இல் இங்கிலாந்தின் சார்லிவுட் என்னும் ஊரில் உருவான தொழிற்சாலை முறையில், ஒரு கிலோ பிசைந்த மாவுக்கு 11 வாட்-மணி ஆற்றலைச் சில நிமிடங்களில் செலுத்துகிறார்கள். நீண்ட நேர நொதித்தலுக்குப் பதிலாக அங்கே மின்னாற்றல் வேலை செய்கிறது. எட்டு கிலோ மாவுக்கு இதே அளவு தேவையெனில் மொத்தம் 88 வாட்-மணி. வீட்டு இயந்திரம் 300 வாட் எடுத்து, அதில் பாதி மாவைச் சென்றடைகிறது என்று கொள்வோம். அப்போது 35 நிமிடம் இடைவிடாமல் ஓடவேண்டும். மாவை எத்தனை பங்காகப் பிரித்தாலும் மொத்த நேரம் குறையாது.

அவ்வாறு ஓடினால் என்ன ஆகும்? கெட்டி மாவு கொக்கியைத் தடுக்கும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! போதாக்குறைக்கு, மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் அச்சிலேயே இருப்பதால், வேகம் குறையக் குறையக் காற்றும் குறைகிறது. எங்கள் இயந்திரம் கருகிய மர்மம் இதுவே.

மாவும் சூடாகிறது. ஒரு கிலோவுக்கு 11 வாட்-மணி என்பது 39,600 ஜூல். பிசைந்த மாவின் தன்வெப்பத்தால் இதை வகுத்தால் ஏறத்தாழ 14 பாகை உயர்வு வருகிறது. நம் ஊர் வெயிலில் இது மாவை விரைவில் புளிக்கச் செய்துவிடும்.

செய்முறை

எனவே இயந்திரத்திடம் கலக்கும் வேலையை மட்டும் கொடுத்து, வலை பின்னும் வேலையை நேரத்திடமும் கையிடமும் விடவேண்டும். ஐந்து கிலோ மைதாவுக்கு எங்கள் வீட்டில் இப்போது பின்பற்றும் அளவு இது: நீர் 3.25 லிட்டர், உப்பு 100 கிராம், உலர் ஈஸ்ட் 35 கிராம். நீரில் கால் லிட்டரைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நீரின் வெப்பநிலை. கலந்த மாவு 26 பாகை செல்சியஸில் இருப்பது நன்று. 26ஐ மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறை, மாவு, உராய்வு ஆகியவற்றின் பாகைகளைக் கழித்தால் நீரின் வெப்பநிலை கிடைக்கும். அறை 32, மாவு 31, குறைந்த நேரக் கலக்கலின் உராய்வுக்கு 4 எனில், 78 – 67 = 11 பாகை. நீண்ட நேரம் பிசைந்தால் உராய்வு 12 வரை போகும்; நீர் 3 பாகையில் இருக்க வேண்டிவரும். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி. ஆகவே 30 பாகையிலுள்ள குழாய் நீருடன் 520 கிராம் பனிக்கட்டி சேர்த்து மூன்று லிட்டர் ஆக்கினால் 11 பாகை வந்துவிடும். கட்டி முழுதும் கரைந்தபின் பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, மாவை ஐந்து பங்காக்குக. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் முதலில் 600 கிராம் நீரை ஊற்றுக. மாவை முதலில் போட்டால் அடியில் உலர்ந்த மாவு தங்கிவிடும். நீரில் 600 கிராம் மைதாவைப் போட்டுத் துடுப்பால் இரண்டு நிமிடம் அடிக்கலாம். தோசை மாவுபோல் தளர்வாக இருப்பதால் மோட்டாருக்குச் சுமை இல்லை. ஆனால் குளூட்டன் உருவாகத் தொடங்கிவிடும். பின்னர்க் கொக்கியை மாட்டி, எஞ்சிய 400 கிராமைச் சேர்த்து, முதல் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். உலர்ந்த மாவு கண்ணில் படாவிட்டால் உடனே நிறுத்திவிடலாம். கலவையைப் பெரிய பாத்திரத்தில் கொட்டி ஈரத்துணியால் மூடுக. அடுத்த பங்கை எடைபோடும் நேரத்தில் மோட்டார் ஆறிவிடும்.

ஐந்து பங்கும் சேர்ந்தபின் 20 நிமிடம் ஓய்வு. அதன்பின், எடுத்து வைத்த கால் லிட்டர் நீரில் ஈஸ்ட்டைக் கரைத்து மாவின்மேல் ஊற்றி, தூள் உப்பையும் பரவலாகத் தூவி, கைவிரல்களால் கிள்ளிக் கிள்ளிக் கலக்க வேண்டும். தொடக்கத்தில் வழுக்கிப் பிரிவதுபோல் தோன்றும். அஞ்ச வேண்டாம், சில நிமிடங்களில் ஒன்றாகிவிடும்.

ஈஸ்ட்டைக் கடைசியில் சேர்ப்பதில் ஒரு பெரும் நன்மை உண்டு. ஒவ்வொரு பங்கிலும் ஈஸ்ட் சேர்த்திருந்தால், முதற் பங்கு அரைமணி முந்திப் பொங்கியிருக்கும். கடைசிப் பங்கு பின்தங்கியிருக்கும். இம்முறையிலோ ஐந்து பங்குகளுக்கும் ஒரே நேரத்தில் நொதித்தல் தொடங்குகிறது.

பிறகு அரைமணிக்கு ஒருமுறை, கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கத்தின்மேல் மடிக்க வேண்டும். நான்கு பக்கமும் மடித்தால் ஒரு சுற்று. மூன்று சுற்றுகள் போதும். ஒரு சிறு உருண்டையை எடுத்து விரல்களால் விரித்தால், கிழியாமல் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாக வருமாயின் வலை நன்கு அமைந்தது என்று அறியலாம். கிழிந்தால் இன்னொரு சுற்று மடித்து, மீண்டும் பொறுத்திருப்பதே மருந்து. மொத்தம் எட்டே கால் கிலோவுக்கு மேல் வரும். 400 கிராம் வீதம் 20 ரொட்டிகள் ஆகும்.

முடிவுரை

இம்முறையில் இயந்திரம் ஓடுவது ஒரு பங்குக்கு மூன்று நிமிடம், ஆக மொத்தம் 15 நிமிடமே. அதுவும் இடைவெளி விட்டு, பெரும்பகுதி தளர்ந்த மாவில். ஆனால் மாவு பதமாகச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகிறது. காலை ஏழு மணிக்குக் கொடுக்கவேண்டிய ரொட்டிக்கு நள்ளிரவு கடந்ததும் எழுந்தாக வேண்டும். பெரிய இயந்திரம் வாங்க வசதியில்லாதவர் கொடுக்கும் விலை அது.

பழுது பார்க்கப்பட்ட எங்கள் இயந்திரம் அதன்பின் ஒருமுறையும் நின்றதில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அதே ஆர்டர் வந்தது. குறித்த நேரத்தில் கொடுத்தோம். வகுப்பறையில் மின்னோட்டத்தின் இருமடி என்று எழுதிப் படித்த சூத்திரம், அடுப்படியில் எங்கள் வருவாயைக் காத்தது. நண்பர்களே, நம் பாடநூல்களில் உள்ளவற்றை ஒருமுறை வீட்டுக்கும் எடுத்துச் சென்று பாருங்கள்; அங்கே அவற்றுக்கு வேலை காத்திருக்கிறது.