ஸ்டார்ட் ஆகாத கோ-கார்ட்டும் பூட் ஆகாத கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் கையில் கிடைத்த பாகத்தையெல்லாம் மாற்ற மாட்டோம். முதலில் பவர், அடுத்து ராம், பிறகு ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதே முறை டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கும் பொருந்தும் என்பதைச் சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

விருத்தாசலத்தில் வீடு வீடாகச் சென்று கம்ப்யூட்டர் சரிசெய்வது என் தொழில். என் அண்ணன் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவனும் நண்பர்களும் பழைய 100 சிசி டூ-ஸ்ட்ரோக் பைக் என்ஜினைப் பொருத்தி ஒரு கோ-கார்ட் செய்திருந்தார்கள். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாணவர்களுக்கான போட்டி. மறுநாள் விடியற்காலை வண்டியை வேனில் ஏற்ற வேண்டும். மாலையிலிருந்து என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. "சித்தப்பா, நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று போன் செய்தான்.

நான் போனபோது கார்புரேட்டர் கழற்றப்பட்டுக் கிடந்தது. அதை மாட்டச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும்: சரியான பெட்ரோல்-காற்றுக் கலவை, அதை அழுத்தும் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் ஸ்பார்க். இவற்றைச் சோதிக்கும் வரிசை இதோ:

1. ஸ்விட்ச்: என்ஜினை நிறுத்தும் ஸ்விட்சின் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் ஸ்பார்க்கே வராது. கம்ப்யூட்டரில் பவர் கார்டைப் பார்ப்பது போல இதை முதலில் பாருங்கள். எங்களுடையது சரியாக இருந்தது.

2. பெட்ரோல்: பத்து முறை கிக் செய்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை, பெட்ரோல் டேப், கார்புரேட்டர் ஜெட் ஆகியவற்றில் அடைப்பைத் தேடுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். எங்கள் பிளக் நனைந்திருந்தது. கலக்கும் ஆயிலின் அளவையும் பாருங்கள். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. பழைய பெட்ரோல் வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும்.

3. கம்ப்ரஷன்: பிளக் துளையில் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து கிக் செய்ய வேண்டும். எங்களுக்கு 120 பிஎஸ்ஐ காட்டியது; ஸ்டார்ட் ஆக அது போதும். டூ-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் மேலே போகிறது. எனவே கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் கிழிந்திருந்தாலும், கேஜ் நல்ல அளவு காட்டும், ஆனால் வண்டி மக்கர் செய்யும்.

4. ஸ்பார்க்: பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதியை என்ஜின் மீது வைத்துக் கிக் செய்யுங்கள். பிளக் துளையைத் துணியால் அடைத்து, அதிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும், ஜாக்கிரதை! எங்களுக்கு நீல நிறத்தில் நல்ல ஸ்பார்க் வந்தது.

நான்கும் சரி. ஆனாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. மணி இரவு பத்து.

அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் ஞாபகம் வந்தது. சில எஸ்எம்பிஎஸ்களைத் தனியாக மீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். மதர்போர்டை இணைத்ததும் படுத்துவிடும். லோடு வந்தால்தான் குறை தெரியும். பிளக்கும் அப்படித்தான். திறந்த வெளியில் ஸ்பார்க் எளிதாகத் தாண்டிவிடும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். வெளியே கசிய ஒரு வழி கிடைத்தால் மின்சாரம் அந்த வழியாகப் போய்விடும்.

"பிளக் போன வாரம்தான் வாங்கினது சித்தப்பா" என்றான். மாட்டும்போது ஸ்பேனர் நழுவி அதன் மேல் இடித்ததாம்!

பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்து பழகியவர். பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினா என்ற செராமிக்தான். பிளக்கை வாங்கிப் பார்த்தவர், "கண்ணுக்குத் தெரியாது தம்பி, மை தடவுங்க" என்றார். நன்றாகத் துடைத்துப் பேனா மையைத் தடவி மறுபடி துடைத்தோம். வெள்ளைப் பகுதியில் தலைமுடி போல நீலக் கோடு ஒன்று அழியாமல் நின்றது. விரிசல்!

கைவசம் இருந்த வேறொரு பிளக்கை மாட்டினோம். மூன்றாவது கிக்கில் என்ஜின் பிடித்துக்கொண்டது. போட்டியில் பரிசு வரவில்லை. ஆனால் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

கம்ப்யூட்டரோ என்ஜினோ, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு பாகம் தனியாக வேலை செய்கிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். நன்றாக இருப்பது உறுதியான இன்னொன்றை மாட்டி, லோடில் வைத்துப் பாருங்கள். புதிது என்பதற்காக எதையும் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள்.