வந்தது பருந்தா, வல்லூறா?

கொல்லையில முருங்கை மரத்துல புதுசா ஒரு பறவை வந்து உட்காருது, கோழிக்குஞ்சு குறையுது, விஷம் வைக்கலாமா என்று நம் குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். கடன் வாங்கி நாட்டுக்கோழி வளர்க்கும் நமக்கு ஒரு குஞ்சு போனாலும் நஷ்டம்தான். ஆனால் வந்தது எது என்று முதலில் பார்ப்போம்.

பருந்து பெரிசு, வானத்தில் வட்டமடிக்கும். கரும்பருந்துக்கு வால் நுனி கவை மாதிரி பிளந்திருக்கும். புறா அளவில், முதுகு சாம்பல் நிறமாய், மார்பில் செம்பழுப்புக் கோடுகள் குறுக்கே நெருக்கமாய் இருந்தால் அது வல்லூறு. வைரி என்றும் சொல்வோம். இலை மறைவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து சட்டென்று பாயும். இளம் வல்லூறுக்கு முதுகு பழுப்பு, மார்புக் கோடுகள் நெடுக்காக இருக்கும். அதைத்தான் வேறு பறவை என்று நினைத்துவிடுகிறோம்.

அக்காக்குயிலும் பார்க்க வல்லூறு மாதிரியே இருக்கும். அலகைப் பாருங்கள். வல்லூறுக்குக் கொக்கியாய் வளைந்திருக்கும், குயிலுக்கு அந்தக் கொக்கி கிடையாது. பாவம், அது புழுப்பூச்சி தின்கிற பறவை.

ராத்திரியில் குஞ்சு காணோம் என்றால் இவற்றின் மேல் பழி போடாதீங்க. மரநாயோ பூனையோ பாம்போ வந்திருக்கும்.

வல்லூறு எலியையும் ஓணானையும் பிடிக்கும். விஷம் வைத்தால் நம்ம கோழியும் நாயும்தான் முதலில் சாகும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறைக் கொல்வது குற்றமும்கூட.

குஞ்சுகளை முதல் ஐந்தாறு வாரம் பஞ்சாரத்துக்குள் வைத்துத் தீனி போடுங்கள். பிறகு, மேலே பழைய மீன்வலை கட்டிய அடைப்பில் விடலாம். பக்கத்தில் செடி, புதர் இருந்தால் தாய்க்கோழி கத்தினதும் ஓடி ஒளிஞ்சுக்கும்.