கோணல் படம்: பழி வானத்தின் மேலா, கணினியின் மேலா?

ஹாம் ரேடியோ என்றதும் நம் சங்கத்துப் பெரியவர்களுக்கு நினைவு வருவது 'டிட் டா' என்ற மோர்ஸ் ஓசையும், புயல் வெள்ளக் காலங்களில் அது செய்த தொண்டும்தான். 2025-இல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தபோது நம் மாணவர்களோடு பேசியதும் இந்த வானொலி வழியாகத்தான். ஆனால் இதிலே படமும் அனுப்பலாம் என்றால் பலரும் "அப்படியா?" என்கிறார்கள். 1950-களின் பிற்பகுதியில் காப்தோர்ன் மெக்டொனால்ட் என்பவர் கல்லூரி மாணவராக இருந்தபோது உருவாக்கிய முறை இது. மெதுவாக வரும் படமாதலால் ஸ்லோ ஸ்கேன் டெலிவிஷன், சுருக்கமாக எஸ்எஸ்டிவி என்று பெயர். விண்வெளி நிலையம் சில சமயங்களில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 145.800 மெகாஹெர்ட்ஸில் சில நாட்களுக்கு இத்தகைய படங்களை அனுப்புகிறது. புனேயில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியின் மொட்டை மாடியிலிருந்து, கையடக்க வானொலி ஒன்றை வைத்துக்கொண்டே இவற்றைப் பிடிக்க முடிகிறது. வாட்ச்மேனிடமிருந்து மாடிச் சாவி வாங்குவதுதான் இதில் கஷ்டமான வேலை!

படம் எப்படி ஒலியாகிறது? ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஒரு சுருதியாக மாறுகிறது. கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300 ஹெர்ட்ஸ், இடைப்பட்ட வெளிச்சங்களுக்கு இடைப்பட்ட சுருதிகள். 'புது வரி தொடங்குகிறது' என்று சொல்ல 1200 ஹெர்ட்ஸில் ஒரு சிறு துடிப்பு. காதால் கேட்டால் யாரோ நாதஸ்வரச் சீவாளியைச் சரிபார்ப்பது போலிருக்கும். கணினியின் ஒலி அட்டை இதைக் கேட்டு, மென்பொருள் வரி வரியாகப் படம் வரைகிறது. விண்வெளி நிலையம் அதிகம் பயன்படுத்தியிருக்கும் பிடி 120 என்ற முறையில், 640 புள்ளி அகலமும் 496 வரி உயரமும் உள்ள ஒரு படம் வந்து சேர 126 நொடி ஆகும்.

எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, படம் எல்லாம் சாஞ்சு சாஞ்சு விழுது. ஆன்டெனா சரியில்லைன்னு அப்பா சொல்றார். புதுசு ஆர்டர் பண்ணப் போறார்" என்றான். படம் அனுப்பும் நாட்களில் இன்னும் இரண்டுதான் பாக்கி. ஆன்டெனா வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பணமும் போய்விடும். "ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்றேன்.

காரணம் இதுதான். ஆன்டெனா மோசமாக இருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். பட்டை பட்டையாகப் படம் அழிந்து போகும். ஆனால் படம் சாயாது. சாய்வு என்பது காலக் கணக்கில் வரும் பிழை. அனுப்புபவரின் கடிகாரமும் நம் ஒலி அட்டைக்குள் இருக்கும் படிகக் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால்தான் அது வரும்.

எவ்வளவு பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியும்? பத்து லட்சத்துக்கு 100 பங்கு பிசகு என்று வைத்துக்கொள்வோம். சுவர்க் கடிகாரமாக இருந்தால் நாளொன்றுக்கு எட்டரை நொடி முன்பின்னாகும். யாரும் கவலைப்பட மாட்டோம். ஆனால் 126 நொடிப் படத்தில் அது 12.6 மில்லிநொடி. பிடி 120-இல் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரமே 0.19 மில்லிநொடிதான். வகுத்துப் பாருங்கள், கடைசி வரிக்கு வரும்போது படம் 66 புள்ளி தள்ளிப் போயிருக்கும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு! ஒலி அட்டை வேகமாக ஓடினால் படம் கீழே வர வர வலப்பக்கம் சாயும்; மெதுவாக ஓடினால் இடப்பக்கம். பையனின் படம் ஏறக்குறைய இந்த அளவுக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

'ஒவ்வொரு வரிக்கும்தான் துடிப்பு வருகிறதே, அதைப் பிடித்துக்கொண்டு வரியை நேராக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சில செயலிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இரைச்சல் அதிகமானால் துடிப்பு எது, இரைச்சல் எது என்று தெரியாமல் வரிகள் ரம்பப் பல் போல முன்னும் பின்னும் விழும். ஆகவே வேறு சில மென்பொருள்கள் தொடக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பிறகு சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடுகின்றன. என் அனுபவத்தில் இரண்டாவது வழியே மேல். சாய்வைப் பிறகு சரிசெய்யலாம், ரம்பப் பல்லைச் சரிசெய்ய முடியாது.

சரிசெய்வது சுலபம். ஜப்பானின் மகோதோ மோரி எழுதி இலவசமாகத் தந்த எம்எம்எஸ்எஸ்டிவி மென்பொருளில், வரித் துடிப்புகள் சேர்ந்து ஒரு கோடாகத் தெரியும் பக்கம் இருக்கிறது. அந்தக் கோட்டின் இரு முனைகளையும் சொடுக்கிக் காட்டினால், உண்மையான வேகத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். 11025 என்றிருந்த எண் 11026.1 என்பது போல மாறும். பையனின் கணினியில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் வந்த படங்கள் நேராக நின்றன. ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த எண் அந்த ஒலி அட்டைக்கும் அந்த மாதிரி வேகத்துக்கும் மட்டுமே பொருந்தும். யுஎஸ்பி ஒலி அட்டை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

இங்கே வானத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. விண்வெளி நிலையம் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும்போது ஒலி சற்றே நெருங்கி வருகிறது, விலகும்போது நீள்கிறது. அடிவானத்தருகே இது பத்து லட்சத்துக்கு 20-க்கு மேல் போகும். அதனால் வரும்போது பிடித்த படம் துளி இடப்பக்கமும், போகும்போது பிடித்தது துளி வலப்பக்கமும் சாயும். தலைக்கு மேலே கடக்கையில் பிடித்ததில் லேசான வளைவு தெரியும். அதிகபட்சம் பதினைந்து புள்ளி அளவுதான். கடிகாரத்தைத் திருத்த இந்தப் படங்களை அளவுகோலாகக் கொள்ளாமல், தரையிலிருந்து வரும் படத்தை வைத்துச் செய்வது நல்லது. பையனுக்கு அவசரம், ஆகவே தலைக்கு மேல் கடந்தபோது வந்த படத்தைக் கொண்டே செய்தோம்.

சாய்வு வேறு, வெட்டு வேறு. படம் நேராக வந்துகொண்டிருந்து, ஓரிடத்தில் கத்தியால் வெட்டியது போல் மொத்தமாக விலகி, பிறகு மறுபடி நேராகவே போனால், கடிகாரத்தில் குற்றமில்லை. கணினி வேறு வேலையில் மூழ்கி ஒலியில் சிறு துண்டைத் தவறவிட்டிருக்கிறது. படம் வரும் பத்து நிமிடம் வைரஸ் சோதனை, யூடியூப் எல்லாவற்றையும் மூடி வையுங்கள்.

விண்டோஸ் நமக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு போடும் இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம் போன்றவை இன்னொரு தலைவலி. தொடர்ந்து ஒலிக்கும் சுருதியை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். படம் சாம்பல் பூத்தது போல் வந்தால் முதலில் அந்த அமைப்புகளை அணையுங்கள். ஒலியளவும் பாதியளவில் இருந்தால் போதும். உச்சத்தில் முட்டினால் ஓரங்கள் கரகரவென்று பிசிறடிக்கும். வானொலியின் ஸ்குவெல்ச்சைத் திறந்தே வையுங்கள், இல்லையேல் அலை சற்று மங்கும்போதெல்லாம் ஒலி அறுபடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் ஓட்டினால் படத்தில் நெளியும் பட்டைகள் மறைகின்றனவா என்றும் பாருங்கள்; பல வீடுகளில் அதுதான் குற்றவாளி.

14.230 மெகாஹெர்ட்ஸில் வரும் தரைப் படங்களைப் பிடிப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை. அங்கே எஸ்எஸ்பி முறை. ட்யூனிங் 50 ஹெர்ட்ஸ் பிசகினாலும் எல்லாச் சுருதியும் அதே அளவு நகரும், வெளிச்சம் ஆறு சதவீதம் மாறிவிடும். படம் கோணாது, வெளுத்தோ இருண்டோ போகும். விண்வெளி நிலையம் எஃப்எம் முறையில் அனுப்புவதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

எது எப்படியானாலும், வரும் ஒலியை வேவ் கோப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நிலையம் நம் தலைக்கு மேல் இருப்பது பத்து நிமிடம். இரண்டு மூன்று படங்களுக்கு மேல் கிடைக்காது. பதிவு கையில் இருந்தால் கடிகாரத்தைத் திருத்திவிட்டு அதே படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வரைந்து பார்க்கலாம். தவறவிட்ட துண்டுகளும், ஒலி முட்டிப் பிசிறடித்த இடங்களும் மட்டும் திரும்பி வராது.