தீர்வுக்கு முன் செவி

கோவளம் கடற்கரையில் மீன் விற்றுத் திரும்பிய மனைவி, "இன்னிக்கு வியாபாரமே சரியில்ல" என்கிறார். "நாளைக்கு வேற சந்தைக்குப் போ" என்கிறார் கணவர். தீர்வு சொல்லியாயிற்று, மனைவியின் முகமோ வாடுகிறது.

ஆண்கள் பலர் தகவல் சொல்லவும், பெண்கள் பலர் உறவை வளர்க்கவும் பேசுகிறார்கள் என்று மொழியியலாளர் டெபோரா டானன் 1990ல் வெளியான நூலில் விளக்கினார். எல்லாரும் அப்படியல்லர். ஆனாலும், வாழ்க்கைத்துணைக்குப் பலநேரம் தேவைப்படுவது தீர்வல்ல, கேட்கும் செவியே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்வு' (2016) மடலில் நினைவூட்டினார்.

எம்மாவு வழியில் இயேசுவும் சீடர்களின் துயரத்தை முதலில் கேட்டார், பிறகே விளக்கினார். கடலிலிருந்து திரும்பிய கணவர், "பாடு இல்ல" என்று சொல்லி மௌனமானால், அது வெறுப்பல்ல என்று உணர்வோம். மனைவி பேசினால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்போம்.