கூடம் கோணலா, ஆட்டம் பிழையா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை நாம் எப்போதும் ஆடுகிறவளுக்கு எதிராகவே எடுத்து விடுகிறோம். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. பிழை கூடத்திலா, ஆட்டத்திலா என்று அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. புள்ளிவிபரச் செயன்முறைக் கட்டுப்பாடு என்பது அதன் பெயர். பெயர்தான் பெரிது, கணக்கு அவ்வளவு பெரிதல்ல. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த எனக்கே விளங்கியதென்றால் மற்றவர்களுக்கு விளங்காமல் போகாது.

இது தொழிற்சாலையில் பிறந்த அறிவு. அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்துக்கான கருவிகளை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற கம்பனி செய்துவந்தது. சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் என்ற இடத்தில் அதன் பெரிய தொழிற்சாலை இருந்தது. நிலத்துக்கு அடியில் புதைக்கும் கருவி பழுதானால் தோண்டி எடுத்துத் திருத்துவது பெருஞ்செலவு. ஆகவே செய்யும்போதே தரமாகச் செய்ய வேண்டும். ஆனால், ஒரு குறை தென்பட்டதும் இயந்திரத்தைத் திருகிச் சரிப்படுத்தினால், பல வேளைகளில் குறை கூடியதே தவிரக் குறையவில்லை. அங்கே வேலை செய்த வோல்டர் ஷூவார்ட் என்ற பௌதிகவியலாளர், 1924 மே 16ஆம் திகதி தமது மேலதிகாரிக்கு ஏறக்குறைய ஒரு பக்கக் குறிப்பொன்றை அனுப்பினார். அதில் ஒரு சிறிய வரைபும் இருந்தது. இன்று உலகெங்கும் பாவிக்கப்படும் கட்டுப்பாட்டு வரைபின் முதல் வடிவம் அதுதான். 1931இல் அவர் அதை ஒரு நூலாக விரித்து எழுதினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒரு பிள்ளையிடம் ‘அ’ என்ற எழுத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்லுங்கள். கை ஒன்று, பேனை ஒன்று, தாள் ஒன்று. ஆனாலும் பத்து எழுத்தும் ஒரே அச்சாக வராது. ஒன்றின் சுழி கொஞ்சம் பெருக்கும், மற்றதன் கால் கொஞ்சம் நீளும். ஏன் என்று கேட்டால் சொல்லத்தக்க தனிக் காரணம் கிடையாது. எழுதுவது என்ற செயலுக்குள்ளேயே அந்த ஊசலாட்டம் இருக்கிறது. இதைப் பொதுக் காரணம் என்கிறார்கள். ஏழாவது எழுத்தை எழுதும்போது பக்கத்தில் இருந்தவன் முழங்கையைத் தட்டிவிட்டான் என்று வையுங்கள். அந்த எழுத்து மட்டும் வேறாகக் கிடக்கும். அது சிறப்புக் காரணம். முதலாவதற்குப் பிள்ளையை ஏசிப் பயனில்லை. இரண்டாவதைத் தேடிப் பிடிக்கலாம், நிறுத்தலாம்.

இரண்டையும் பிரிப்பதுதான் கட்டுப்பாட்டு வரைபின் வேலை. அளவுகளை நடந்த வரிசையிலேயே புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். சராசரியில் நடுக்கோடு ஒன்று. அதற்கு மேலே மூன்று நியம விலகல் தூரத்தில் ஒரு கோடு, கீழே அதே தூரத்தில் இன்னொரு கோடு. புள்ளிகள் இந்த இரு எல்லைகளுக்குள் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால், அது அந்தச் செயலின் இயல்பான ஊசலாட்டம். ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் கிடந்தாலோ, ஏதோ நடந்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கவனிக்க: இந்த எல்லைகளை மேலிடம் விதிப்பதில்லை. செயல் தானே தன் எல்லையைச் சொல்கிறது. இலக்கு என்பது நாம் ஆசைப்படுவது; எல்லை என்பது இருப்பது.

ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் பின்னால் ஓடினால் என்ன நடக்கும்? மேசையில் ஒரு புள்ளியைக் குறித்து, அதற்கு நேர் மேலே புனலைப் பிடித்து மாபிள் ஒன்றை விடுங்கள். அது புள்ளிக்குக் கொஞ்சம் அப்பால் நிற்கும். புனலை அசைக்காமல் ஐம்பது தடவை விட்டால் ஒரு வட்டத்துக்குள் சிதறும். விலகும் ஒவ்வொரு தடவையும் அதே தூரம் எதிர்ப்பக்கமாகப் புனலை நகர்த்திக்கொண்டே போனால், சிதறல் 40 வீதமளவில் கூடிவிடும். திருத்தப் போய்க் கெடுப்பது என்பது இதுதான்.

ஷூவார்ட்டின் வழியை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர் எட்வேர்ட்ஸ் டெமிங். 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் சங்கத்தின் அழைப்பில் போய்ப் பாடம் நடத்தினார். அந்த விரிவுரைகளின் நூலுக்குக் கிடைத்த உரிமத் தொகையை அவர் அன்பளிப்பாகக் கொடுக்க, 1951இல் டெமிங் பரிசு தொடங்கியது. பிற்காலத்தில் அவர் வகுப்புகளில் ஒரு விளையாட்டுக் காட்டுவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழியுள்ள ஒரு தட்டை உள்ளே விட்டு மணி அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் குறை. குறைவாக அள்ளியவருக்குப் பாராட்டு, கூட அள்ளியவருக்கு ஏச்சு, கடைசியில் வேலைநீக்கம். கணக்குப்படி சராசரி 10 சிவப்பு. 2 முதல் 18 வரை யாருக்கும் வரலாம். பாராட்டு வாங்கியவரிடம் திறமையும் இல்லை, ஏச்சு வாங்கியவரிடம் குற்றமும் இல்லை. சிவப்பு மணியைப் பெட்டிக்குள் போட்டவர் முதலாளி.

இதை வாசித்தபோது எனக்குப் பாடசாலைதான் ஞாபகம் வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷந்தோறும் சாதாரண தரத்தில் ஒரு பாடத்துக்கு 40 பிள்ளைகள் தோற்றுகிறார்கள். நெடுங்காலச் சராசரியாக 24 பேர் சித்தியடைகிறார்கள், அதாவது 60 வீதம். நியம விலகல் காண 40ஐ 0.6ஆலும் 0.4ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 3.1 வரும். அதன் மும்மடங்கு 9.3. ஆகவே எதுவுமே மாறாமல், அதே ஆசிரியர் அதே மாதிரிக் கற்பித்தாலும், சித்தி 15இலிருந்து 33 வரை ஏறி இறங்கலாம். ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லையென்பதால் உண்மை வீச்சு இதைவிடக் கூடவும் இருக்கலாம்.

இனிக் கூட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். “என்ன சேர், போன வருஷம் இருபத்தேழு, இந்த வருஷம் இருபதா? எங்க பிழை விட்டீங்க?” வீதத்தில் சொன்னால் 67.5இலிருந்து 50க்கு வீழ்ச்சி. வலயத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதுவதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வருஷம் தானாகவே 25க்கு ஏறினால், கொடுத்த ஏச்சு பலித்தது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். இரண்டு புள்ளிகளை வைத்து ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்கவும் முடிகிறது, இன்னொருவருக்குப் பொன்னாடை போர்த்தவும் முடிகிறது.

அப்படியானால் எல்லைக்குள் இருந்தால் எல்லாம் நலம்தானா? இல்லவே இல்லை. ஆசிரியர்கள் நாம் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. 24இலேயே நிற்கும் வகுப்பில் வருஷம் 16 பிள்ளைகள் தவறிக்கொண்டே இருக்கிறார்கள். நிலையாக நடக்கிறது என்பதற்காக நன்றாக நடக்கிறது என்றாகாது. அந்தப் பதினாறு பேரைக் குறைக்க வேண்டுமானால், இந்த வருஷம் என்ன பிழை என்று கேட்பது உதவாது; எல்லா வருஷமும் என்ன பிழை என்று கேட்க வேண்டும். ஆறாம் ஆண்டில் சரளமாக வாசிக்கத் தெரியாமல் வருகிறார்களா? அந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லாமல் கிடந்தது? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இவை கூடத்தின் கோணல்கள். இவற்றை நிமிர்த்தும் அதிகாரம் ஆடுகிறவளிடம் இல்லை; நிர்வாகத்திடம் இருக்கிறது. எண்ணிக்கை ஒரு வருஷம் 10க்கு இறங்கினால் அல்லது 36க்கு ஏறினால் அது வேறு விஷயம். அப்போது உடனே போய்க் கேட்க வேண்டும். ஏறியதற்கும் காரணம் தேட வேண்டும். அதில் எல்லாரும் படிக்க ஏதாவது இருக்கும்.

இதற்குக் கணினி கூடத் தேவையில்லை. சதுரக் கோட்டுத் தாள், பென்சில், பத்து வருஷப் பெறுபேறு போதும். பாடசாலைக்கு மட்டுமல்ல, ஆஸ்பத்திரியில் நோயாளி காத்திருக்கும் நேரத்துக்கும், கூட்டுறவுக் கடையின் நிறுவைக் குறைவுக்கும் இதே தாள்தான். அடுத்த பெறுபேற்றுக் கூட்டத்தில் அதிபரோ, பெற்றோரோ, பழைய மாணவரோ யாராவது ஒருவர் அந்தத் தாளை மேசையில் விரித்து வைக்கட்டும். யாரைக் கேட்பது என்று முடிவெடுப்பதற்கு முன்னர், எதைக் கேட்பது என்று அது சொல்லும்.